செஞ்சிக்கு நான்காம் முறை

செஞ்சிக் கோட்டைக்குப் போகப்போவதாகச் சொன்னால், ஏற்கெனவே போய்வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மலை ஏறப்போறீங்க?" என்பதுதான். தாம்பரத்தில் இருக்கும் அந்தக் குடும்பத்திலும் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆரம்பித்து வைத்தவன் பத்து வயதுப் பேரன். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர்களின் 12 கோட்டைகள் ஒரே தொகுப்பாகச் சேர்ந்தன. 11 மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று, விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. இதை டீச்சர் வகுப்பில் சொல்லி, "யாரெல்லாம் போயிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். நான்கைந்து கைகள் உயர்ந்தன. இவன் கை உயரவில்லை. அந்தக் குறையோடு வீட்டுக்கு வந்து, "நாம ஏன் போகல?" என்றான்.

"யார்றா சொன்னது? நாங்க மூணு தடவை போயிருக்கோம்" என்றார் தாத்தா, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து. "உச்சி வரைக்கும் ஏறியிருக்கேன். மூணு தடவையும்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டி, "ஆமாமா, மூணு தடவை" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் இருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்றார்கள். மழை. பொங்கல் விடுமுறையில் போகலாம் என்றார்கள். காணும் பொங்கலன்று கோட்டையில் கால் வைக்க இடம் இருக்காது என்று மாப்பிள்ளை மறுத்துவிட்டார். அமாவாசை ஆகாது, அன்றைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற பஸ்ஸும் வேனும் திண்டிவனத்திலிருந்தே வரிசை கட்டும். குடியரசு தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை வந்தது, அதுவும் வேண்டாம். கடைசியில் ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. வெயில் ஏறாத மாதம், கூட்டம் இல்லாத நாள். நாள் குறிப்பதற்கே இரண்டு வாரம் ஆனது.

திட்டம் போடுகிற வேலை மகளுடையது. ஆபீஸில் நாலு பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துப் பழகியவள். வீட்டுக் காரியத்தையும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுத்தான் செய்வாள். காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டில் போய், திண்டிவனத்தில் திருவண்ணாமலை சாலைக்குத் திரும்ப வேண்டும். செஞ்சி ஊருக்குள்ளேயே டிபன், அங்கேயே கழிப்பறை. கோட்டைக்குள் போனபிறகு அதைத் தேடி அலையக் கூடாது என்பது, பெண்களோடு பயணம் போகிற எவருக்கும் தெரிந்த பாடம். ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், ஏனென்றால் மலை மேல் கடை கிடையாது. தொப்பி. பிடிமானமுள்ள ஷூ. செருப்போடு வந்தால் இறங்கும்போது விரல் நுனி தேயும்.

அதற்குப் பிறகுதான் மலை.

செஞ்சி என்பது ஒரு கோட்டை அல்ல, மூன்று மலைக்கோட்டைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் முக்கோணமாக இணைத்து ஓடும் மதில் சுமார் 13 கிலோமீட்டர். திருவண்ணாமலை சாலை இதன் நடுவே புகுந்து போகிறது. சாலைக்கு ஒரு பக்கம் ராஜகிரி, இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி. ஊர்க்காரர்களுக்கு ராஜாக்கோட்டை, ராணிக்கோட்டை. ராஜாக்கோட்டைதான் உயரம், ஏறக்குறைய 800 அடி. வெறும் படிக்கட்டு மட்டும் அல்ல. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலையே பிளந்ததுபோல் ஒரு பள்ளம், அதைத் தாண்ட ஒரு பாலம். அந்தக் காலத்தில் அதை மரப்பாலமாக வைத்திருந்தார்கள். எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கி, கோட்டையைப் பிடித்தது 1698இல். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுவதற்குள் அவர் தப்பிப் போயும் விட்டார்.

பேரனுக்கு ராஜாக்கோட்டைதான் வேண்டும். தாத்தாவுக்கும் அதுவேதான். அவருக்கு 67 வயது. சர்க்கரை இருக்கிறது. இருந்தாலும், "தேசிங்கு ராஜா குதிரையிலேயே ஏறின மலை, நான் நடந்து ஏறமாட்டேனா?" என்பார். சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் எம்.ஜி.ஆரின் 'ராஜா தேசிங்கு' பார்த்தவர் அவர். தேசிங்கு என்று கூத்துப்பாடல்கள் கொண்டாடுகிற தேஜ்சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714இல் போர்க்களத்தில் இறந்த ராஜபுத்திர இளைஞன். செஞ்சியை ஆண்டது ஒரு வருடம்கூடச் சரியாக இல்லை. 300 ஆண்டு ஆண்டவர்களின் பெயரெல்லாம் மறந்துபோய், அந்தப் பிள்ளையின் பெயர்தான் கோட்டைக்கு நிலைத்திருக்கிறது.

மகளின் கவலை வேறு. அம்மாவின் முழங்கால்.

அம்மாவுக்கு 62 வயது. வலது முழங்காலில் தேய்மானம். போன ஆவணியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, இன்னும் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்வது நல்லது என்று சொல்லியிருந்தார். படிக்கட்டைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். இடது காலும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அதனால் மகள் கட்டத்தில் எழுதியது இது: 'எல்லோரும் ராஜகிரி, அம்மா கீழே நிழலில்.' எழுதிவிட்டு அவளுக்கே மனசு கேட்கவில்லை. அழித்துவிட்டு, 'எல்லோரும் கிருஷ்ணகிரி' என்று மாற்றினாள். ராணிக்கோட்டை உயரம் குறைவு. மெதுவாக, பத்துப் படிக்கு ஒருதரம் நின்று, கையைப் பிடித்து ஏற்றிவிடலாம். எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று மேலே இரண்டு சேமிப்புத் தொட்டிகள், நெற்களஞ்சியம், கும்மட்டம் வைத்த தர்பார் மண்டபம். ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா ஒரு மலையாவது ஏறிவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் கேட்டபோது அவர் சொன்னது ஒன்றுதான்: ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கேடு. ஏறும்போது மூச்சு வாங்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும். இறங்கும்போது உடம்பின் கனம் முழுக்க முட்டியில் விழும். பாதி மலையில் கால் மடங்காமல் போனால் தூக்கிக்கொண்டு வர டோலி கிடையாது.

மகள் அப்பார்ட்மென்ட் மாடிப்படியில் சோதனை வைத்தாள். மூன்று மாடி ஏறி இறங்க வேண்டும். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இறங்கும்போது இரண்டாவது மாடியில் நின்றுவிட்டார். வலி என்று சொல்லவில்லை. "மூணாவது மாடிக்காரங்க வீட்டு வாசல்ல துளசி நல்லா வந்திருக்கு பாத்தியா?" என்றார். வலியைச் சொல்வதற்கு அந்தத் தலைமுறைப் பெண்களிடம் இப்படி ஆயிரம் துளசிச் செடிகள் உண்டு.

அன்று ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்து, மகள் செல்போனில் செஞ்சி வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை படிகள் என்று தெரிந்துகொள்ளத்தான். ஒருவர் சொன்ன எண்ணிக்கையை இன்னொருவர் சொல்லவில்லை. ஏறும்போது யாரும் எண்ணுவதில்லை போலிருக்கிறது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா திடீரென்று, "நிறுத்து, நிறுத்து. இது என்ன?" என்றார்.

திரையில் அடுக்கடுக்காக எழும்பிக் கூம்பாக முடியும் ஒரு கட்டடம். படம் பிடித்தவர் மலைக்குப் போகும் அவசரத்தில் இரண்டே விநாடி காட்டிவிட்டு நகர்ந்திருந்தார்.

"கல்யாண மஹால்மா. கீழ்க்கோட்டையில இருக்கு. ஏன்?"

"இது கோபுரம்னு நினைச்சிருந்தேன். சாமி இல்லாத கோபுரமான்னு யோசிப்பேன். நான் உக்காந்திருந்த எடத்துலேர்ந்து நல்லாத் தெரியும்."

"கிட்டப் போய்ப் பாக்கலியா நீ? பக்கத்துலதானே?"

"பையை விட்டுட்டு எப்படிப் போறது?"

அந்த ஒரு வரியில் மூன்று பயணங்களும் இருந்தன.

முதல் முறை 1987. அம்மாவுக்கு 23 வயது. மூத்த பையனுக்கு மேல்மலையனூரில் முடியிறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, கோட்டையையும் பார்த்துவிடலாம் என்று வேனைத் திருப்பினார்கள். மாமியார், நாத்தனார், கொழுந்தன்மார், எல்லோரும் ஏறினார்கள். கைக்குழந்தையோடு மலையேறக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். நியாயம்தான். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு மரத்தடியில், பதினைந்து பேரின் பைகளுக்கு நடுவே அம்மா உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் முறை 1997. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது. அம்மாவுக்கு 33. அன்றைக்கு அவருக்கு முழங்காலில் ஒன்றுமில்லை. மூன்று குடம் தண்ணீரை மாடிக்குத் தூக்கிக்கொண்டிருந்தவர். ஆனால் செஞ்சியில் குரங்குகள் அதிகம். புளியோதரைத் தூக்கும் தயிர்சாதமும் இருக்கிற பையைப் பார்த்தால் விடாது. யாராவது ஒருத்தர் இருக்கத்தானே வேண்டும்? அந்த யாராவது யார் என்று ஒருவரும் பேசிக்கூட முடிவு செய்யவில்லை. பைகள் எல்லாம் தாமாகவே அம்மாவின் பக்கத்தில் வந்து சேர்ந்தன. எட்டு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உச்சிக்குப் போய், கீழே எறும்பாகத் தெரிந்த அம்மாவுக்குக் கையசைத்தது மகளுக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அம்மா திருப்பிக் கையசைத்தாரா என்பது அவ்வளவு உயரத்திலிருந்து தெரியவில்லை.

மூன்றாம் முறை 2014. மகளுக்குக் கல்யாணமான மறு வருடம். இந்தத் தடவை மாமியாரும் மருமகளுமாக இருவர் கீழே. 1987இல் விறுவிறுவென்று ஏறிய மாமியாருக்கு அப்போது 77. அம்மாதான் பக்கத்தில் இருந்து விசிறினார், மாத்திரை கொடுத்தார். "நீ ஒரு நடை போய்ட்டு வாயேன்" என்று மாமியார் ஒருதரம் சொன்னாராம். தனியாக விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லையாம்.

இதையெல்லாம் அம்மா குறையாகச் சொல்லவில்லை. கேட்கக் கேட்கச் சொன்னார். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"அதான் இந்தத் தடவை உன்னை மேல கூட்டிட்டுப் போறேங்கறேன்" என்றாள் மகள்.

"எனக்கு மலை வேணாம்டி. கீழ இருக்கறதையே நான் இன்னும் பாக்கலியே."

மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மடிக்கணினியைத் திறந்து, 'எல்லோரும் கிருஷ்ணகிரி' என்பதை அழித்தாள்.

கீழ்க்கோட்டை என்பது மலையேறப் போகிறவர்கள் தாண்டிப் போகிற இடமாகவே ஆகிவிட்டது. உச்சிக்குப் போய் ஒரு செல்ஃபி எடுத்தால்தான் போன கணக்கு. ஏறமுடியாதவர்களுக்கு ஆறுதல் பரிசு மாதிரி கீழே சில மண்டபங்கள். ஆனால் செஞ்சியில் வாழ்க்கை நடந்தது கீழேதான். உச்சி, ஆபத்துக் காலத்தில் கடைசியாகத் தஞ்சம் புகும் இடம். கோனார் வம்சத்து ஆனந்தக் கோன் முதலில் ராஜகிரியில் அரண் எழுப்பியதாகச் சொல்வார்கள். பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள், 1677இல் சிவாஜி, மொகலாயர், நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர். அத்தனை பேரும் சமைத்ததும் தூங்கியதும் குதிரை கட்டியதும் நெல் கொட்டியதும் பெரும்பாலும் மலையடிவாரத்தில்தான்.

மகள் படித்தவற்றை அம்மாவிடம் சொல்லச் சொல்ல, அம்மா கேட்ட கேள்விகள் வீடியோக்காரர்கள் யாரும் கேட்காத கேள்விகளாக இருந்தன. கல்யாண மஹாலில் யார் இருந்தார்கள்? நடுவில் கோபுரம் போன்ற அந்தக் கட்டடம் எட்டு நிலை. சுற்றிலும் சதுரமான முற்றம், அதைச் சுற்றி வரிசையாக அறைகள். அரண்மனைப் பெண்கள் இருந்த இடம் என்கிறார்கள். "அப்ப அவ்வளவு பேருக்குத் தண்ணி?" தண்ணீரை மண்குழாய் வழியாக இந்தக் கட்டடத்தின் மேல்நிலை வரை கொண்டுவந்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்தார். அப்பார்ட்மென்ட்டில் மோட்டார் பழுதானால் மூன்று நாள் குடம் தூக்குகிறவருக்கு, எட்டு வருட முற்றுகையைவிட இது பெரிய சாதனையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

களஞ்சியங்கள் எவ்வளவு பெரிசு? முற்றுகை வந்தால் வருடக்கணக்கில் சாப்பிட நெல் வேண்டுமே, அதற்கேற்ற பெரிசு. சுவர் அவ்வளவு கனம், உள்ளே போனால் குரல் எதிரொலிக்கும். "பூச்சி வராம எப்படி வச்சிருப்பாங்க?" அதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை. "வேப்பிலை போட்டிருப்பாங்க" என்று அம்மாவே சொல்லிக்கொண்டார். உடற்பயிற்சிக்கூடம், குதிரை லாயம், யானைக்குளம் எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில், சமதரையில். முழங்காலைத் தொந்தரவு செய்யாத தூரம்.

கொஞ்சம் தள்ளி, வெளிக்கோட்டையில் வேங்கடரமணர் கோயில். செஞ்சியிலேயே பெரிய கோயில் அதுதான். நாயக்கர் காலத்தது. கோபுர வாசலின் உட்சுவரில் இராமாயணக் காட்சிகள், பாற்கடல் கடைந்த கதை எல்லாம் கல்லில் இருக்கின்றன. இந்தக் கோயிலின் உயரமான ஒற்றைக்கல் தூண்களைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதான்.

"எந்தக் காந்தி சிலை? பாண்டிச்சேரி பீச்சிலயா?"

அம்மா பீரோவைத் திறந்து, பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்து வந்தார். 1985. கல்யாணமாகி இரண்டு மாதம். பெல்பாட்டம் போட்ட அப்பா ஒரு தூணில் சாய்ந்து நிற்கிறார். கனகாம்பரம் வைத்த அம்மா ஓரடி தள்ளி நிற்கிறார். நாற்பது வருடமாக வீட்டில் இருக்கும் அந்தப் படத்தில், அப்பா சாய்ந்திருந்தது செஞ்சிக் கல். "தூணை அங்க பாத்தாச்சு. அது இருந்த எடத்தையும் பாத்துடலாம்" என்றார் அம்மா. வேங்கடரமணர் கோயில் கட்டத்தில் ஏறியது. அதே வெளிக்கோட்டையில் இருக்கும், தேசிங்கை வென்ற நவாப் கட்டிய மசூதியையும் மகள் சேர்த்துக்கொண்டாள். ஒரே மதிலுக்குள் தோற்றவனின் கதையும் வென்றவரின் மசூதியும் இருப்பதைப் பேரன் பார்க்கட்டும் என்று அவளுக்கு.

சிங்கவரம் சேர வேண்டியது, சேரவில்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதர். போருக்குக் கிளம்பிய தேசிங்கு உத்தரவு கேட்டபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அங்கும் படிகள் உண்டு. "ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும்" என்று அம்மாவே அடித்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்கப் பார்ப்பதுதான் குடும்பப் பயணங்கள் கெட்டுப்போகிற வழி. வண்டியை விட்டு இறங்குவதும் ஏறுவதுமாகவே பொழுது போய், கடைசி இடத்தில் எல்லோருக்கும் முகம் தூக்கிக்கொள்ளும்.

இப்போது நேரச் சிக்கல். காலையில் கிடைப்பது குளிர்ந்த இரண்டு மணி நேரம்தான். ராஜாக்கோட்டை ஏறுகிறவர்கள் அதை விடக் கூடாது. பத்து மணிக்குமேல் பாறை சுட ஆரம்பித்துவிடும், நிழல் கிடையாது. பிற்பகலில் ஏற வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியும் விடுவார்கள். ஏறி இறங்க மூன்று மணி நேரமாவது வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் சேர்ந்து முதலில் அம்மாவோடு கல்யாண மஹால் என்றால் மலை போச்சு. எல்லோரும் முதலில் மலை என்றால் அம்மா மறுபடி மரத்தடி.

சேர்ந்தேதான் போக வேண்டும் என்கிற பிடிவாதத்தை விட்டால் இதற்கு வழி எளிது. மகள் அதைத்தான் செய்தாள். மாப்பிள்ளையும் பேரனும் வாசல் திறந்ததும் ராஜாக்கோட்டை. அதே நேரத்தில் அம்மாவும் மகளும் கீழ்க்கோட்டை. மலையேறியவர்கள் இறங்கியபிறகு சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் எல்லோருமாக வேங்கடரமணர் கோயில். கிருஷ்ணகிரியைச் சாலையிலிருந்தே பார்த்துக்கொள்வது.

"நான்?" என்றார் அப்பா.

இந்த இடத்துக்காகத்தான் மகள் இரண்டு நாளாகத் தயங்கிக்கொண்டிருந்தாள். அப்பா மலை ஏறுவதாக இருந்தால் சாப்பாட்டுப் பைகளை அம்மாவும் அவளும் சுமந்துகொண்டு சுற்ற வேண்டும். மூன்று மணி நேரம், ஒரு தோளில் ஹாட்பாக்ஸ், கையில் தண்ணீர், பின்னாலேயே குரங்குகள். வண்டியில் வைத்துப் பூட்டிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். வெயிலில் மூடிய காருக்குள் தயிர்சாதம் என்ன ஆகும் என்று அம்மா கேட்டார். ஓட்டலில் சாப்பிடலாமே என்றதற்கு, அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், மலையிலிருந்து எப்போது இறங்குவார்களோ என்று பதில் வந்தது. அந்த வீட்டில் இருபத்தெட்டு வருடமாகக் கேட்காத கேள்வி மேஜை மேல் வந்து உட்கார்ந்தது. பையை யார் பார்த்துக்கொள்வது?

"அப்பா, போன மாசம் உங்க டாக்டரும் வெறும் வயித்துல ரொம்ப நடக்கக் கூடாதுன்னார்" என்று ஆரம்பித்தாள் மகள்.

"அதெல்லாம் ஒரு பேச்சு. டாக்டர் அப்படித்தான் சொல்வாரு."

"தாத்தா, நீங்கதான் ஏற்கெனவே மூணு தடவை பாத்துட்டீங்களே" என்றான் பேரன். அவன் கணக்காகத்தான் சொன்னான், வேறு எந்த எண்ணமும் இல்லை.

அப்பா பேரனைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா ஆல்பத்தைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பேச்சு தன்னைப் பற்றியதே இல்லை என்பதுபோல. அப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, டி.வி.யைப் போட்டார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மகள் திட்டத்தை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தால் ஒட்டியபோது, அப்பாவின் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் ஆபீஸிலிருந்து வந்தபோது, அந்தக் கட்டத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'பை' என்று எழுதியிருந்தது. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து.

அடுக்களையில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வாசற்படியில் நின்றுகொண்டு, பழைய அரசு அலுவலகக் குரலில் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த மரம்?"

"படி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, இடது பக்கம் ஒண்ணு இருக்கும். அங்க பதினோரு மணி வரைக்கும் நிழல் இருக்கும். அப்புறம் சுத்தி அந்தப் பக்கம் நகந்துக்கணும்."

"குரங்கு வந்தா?"

"கண்ணைப் பாக்காதீங்க. பிளாஸ்டிக் கவர் வெளிய தெரியக் கூடாது, சத்தம் கேட்டாலே வந்துடும். சாப்பாட்டுப் பையை ரெண்டு காலுக்கும் நடுவுல வச்சுக்கணும். கையில ஒரு குச்சி இருக்கட்டும், அடிக்கறதுக்கு இல்ல, சும்மா தட்டறதுக்கு. தண்ணி பாட்டிலக்கூட விடாது."

"பாத்ரூம் வந்தா?"

"அடக்கிக்கணும். இல்லன்னா பக்கத்துல உக்காந்திருக்கற பொம்பளைங்க யார்கிட்டயாவது பாத்துக்கச் சொல்லிட்டுப் போகலாம். எப்பவும் யாராவது உக்காந்திருப்பாங்க."

அப்பா தலையாட்டிக்கொண்டார். நியூஸ் பேப்பரையும் ரேடியோவையும் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"மூணு மணி நேரம்ல. தூக்கம் வந்துடுமோ என்னமோ" என்றார்.

"வராதுங்க" என்றார் அம்மா, கரண்டியால் கிளறிக்கொண்டே. "பேரன் எந்தப் படியில நிக்கறானோன்னு மலையையே பாத்துக்கிட்டிருப்பீங்க."